எல்.இ.டி. டி.வி.: படம் நன்றாக இருக்கிறது, 20 நிமிடத்தில் ஒலி மட்டும் நின்றுவிடுகிறது

கேள்வி (திருச்சி)

அனைவருக்கும் வணக்கம். எங்கள் வீட்டில் 2019இல் வாங்கிய 32 அங்குல எல்.இ.டி. டி.வி. இருக்கிறது. கடந்த மூன்று வாரங்களாக, போட்டு 20 அல்லது 30 நிமிடம் ஆனதும் அதில் ஒலி முழுவதும் நின்றுவிடுகிறது. படத்தில் எந்தக் குறையும் இல்லை. ரிமோட்டில் ஒலியைக் கூட்டினால் திரையில் எண் ஏறுகிறதே தவிர, இரண்டு ஸ்பீக்கரிலும் சத்தம் வருவதில்லை. ரிமோட்டிலேயே அணைத்து உடனே மறுபடி போட்டால் ஒலி வந்துவிடுகிறது. ஆனால் இரண்டாவது முறை பத்து நிமிடம்கூடத் தாங்குவதில்லை.

பழுது பார்க்கும் கடை ஒன்றுக்கு எடுத்துச் சென்றேன். பின்மூடியைக் கழற்றி, மேஜையில் வைத்து இரண்டு மணி நேரம் ஓடவிட்டார்கள். ஒருமுறைகூட ஒலி நிற்கவில்லை. மூடி திறந்திருந்ததால் ஆடியோ ஐ.சி. (ஸ்பீக்கருக்கு ஒலியைப் பெருக்கித் தரும் சில்லு) சூடாகவில்லை, அதனால்தான் நிற்கவில்லை, ஆகவே ஐ.சி.யில்தான் கோளாறு என்று கூறினார்கள். இரண்டு ஸ்பீக்கரும் ஒரே நொடியில் கெட்டுப்போகாது என்பதால் ஸ்பீக்கரைச் சந்தேகிக்கத் தேவையில்லை என்றும், மெயின் போர்டையே மாற்ற 4,800 ரூபாய் ஆகும் என்றும் சொன்னார்கள். யோசித்துச் சொல்வதாகக் கூறி டி.வி.யைத் திருப்பி எடுத்துவந்துவிட்டேன். திறந்திருந்தபோது நான் எடுத்த படத்தில், ஸ்பீக்கர் பிளக்குக்குப் பக்கத்தில் உள்ள 28 கால் ஐ.சி.யின் மேல் டிபிஏ3110டி2 என்று எழுதியிருக்கிறது.

என் தந்தைக்குக் கண்பார்வை பெரும்பாலும் போய்விட்டது. காலைச் செய்தியும் இரவுப் பாட்டும் கேட்பதற்காகவே அவர் டி.வி.யின் முன் உட்காருகிறார். படம் எவ்வளவு தெளிவாக இருந்தாலும் அவருக்கு அதனால் பயனில்லை. ஒலி நிற்பதற்குச் சற்று முன் இடப்பக்கத்திலிருந்து மட்டும் ‘சரசர’ என்று ஒரு சத்தம் வருவதாக அவர் சொல்கிறார். எனக்கு அது கேட்கவில்லை. நான் ஐ.டி.ஐ.யில் எலக்ட்ரீஷியன் படித்தவன்; மல்டிமீட்டரும் பற்றவைக்கும் கருவியும் கையில் உள்ளன. போர்டை மாற்றும் முன் நானே எதைப் பார்க்கலாம்?

பதில் (சேலம்)

பின்மூடியைத் திறப்பதற்கு முன், சமிக்ஞை சரியாக வருகிறதா என்று பார்த்துவிடுங்கள். செட்டாப் பாக்ஸில் ஒலி அமைப்பு ‘டால்பி’ அல்லது ‘பிட்ஸ்ட்ரீம்’ என்று இருந்து, டி.வி.யால் அதைப் பிரித்துப் படிக்க முடியாமல் போனால், படம் மட்டும் வந்து ஒலி வராது, ‘பி.சி.எம்.’ (டி.வி.கள் எளிதாகப் படிக்கும் சாதாரண ஒலி வடிவம்) என்று மாற்றினால் சரியாகிவிடும். ஆனால் அந்தக் கோளாறு சில சேனல்களில் மட்டும், அதுவும் சேனலை மாற்றிய உடனே தெரியும். சவுண்ட்பார் இணைத்திருந்தால், ஹெச்.டி.எம்.ஐ. வழியாக டி.வி. தானே ஒலியை அதற்குத் திருப்பிவிட்டு உள் ஸ்பீக்கரை அணைத்துவிடுவதும் உண்டு. பென்டிரைவில் ஒரு பாட்டைப் போட்டுப் பாருங்கள். ஒலி நின்றதும் ஹெட்போனைச் செருகிப் பாருங்கள். ஹெட்போன் சாக்கெட்டுக்குள் தூசியோ ஈரமோ சேர்ந்து, உள்ளே ஏதோ செருகப்பட்டிருப்பதாக டி.வி. எண்ணிக்கொள்வதும் நடக்கிறது. அப்படியானால் பிளக்கை நாலைந்து முறை செருகி எடுத்தாலே போதும்.

கேள்வி கேட்டவர்

நன்றி. சவுண்ட்பார் இல்லை. பென்டிரைவிலும் அதே கோளாறு வருகிறது. ஒலி நின்ற பிறகு ஹெட்போனில் கேட்டேன். அதில் ஒலி தெளிவாக இருக்கிறது. பிளக்கைப் பலமுறை செருகி எடுத்தும் ஸ்பீக்கருக்கு ஒலி திரும்பவில்லை.

பதில் (மதுரை, ஓய்வு பெற்ற டி.வி. மெக்கானிக்)

தம்பி, போர்டை இப்போதைக்கு மாற்றாதீர்கள். ஹெட்போனில் ஒலி வருகிறது என்றால், மெயின் போர்டின் பெரும்பகுதி தன் வேலையைச் சரியாகச் செய்கிறது என்று பொருள். கோளாறு அதற்குப் பின்னால், ஆடியோ ஐ.சி.யிலோ அதற்கு வரும் மின்சாரத்திலோ ஸ்பீக்கர் பக்கத்திலோதான் இருக்க வேண்டும். இந்த மூன்றில் எது என்பதை, மூடியைத் திறக்காமலேயே ஒரு கேள்வியால் ஓரளவு பிரித்துவிடலாம். ஒலி நின்ற பிறகு டி.வி.யை அணைக்காமல் அப்படியே விட்டுவைத்தால், அது தானாகத் திரும்புகிறதா, திரும்புவதில்லையா?

ஏன் கேட்கிறேன் என்றால், நீங்கள் சொல்லும் ஐ.சி. முக்கியமாக மூன்று காரணங்களுக்காகத் தன்னைத் தானே அடைத்துக்கொள்ளும். மூன்றிலும் அது நடந்துகொள்ளும் விதம் வேறு. உள்ளே வெப்பம் ஏறத்தாழ 150 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் நின்றுவிடும். ஆனால் சுமார் 15 டிகிரி ஆறியதும் யாரும் தொடாமலேயே மறுபடி ஓடத் தொடங்கும். ஆகவே வெப்பம்தான் காரணம் என்றால், ஒலி போவதும் வருவதுமாக இருக்கும். வரும் மின்னழுத்தம் மிகவும் தாழ்ந்தாலும் நிற்கும். அதற்குக் குறைந்தது 8 வோல்ட் வேண்டும். அழுத்தம் ஏறியதும் அதுவும் தானாகவே திரும்பும். மூன்றாவது ஸ்பீக்கர் பக்கத்துக் குறுக்குச்சுற்று, நாம் ஷார்ட் என்று சொல்வது. இந்த மூன்றில் இதில் மட்டும் ஐ.சி. பூட்டிக்கொள்ளும். வெளியிலிருந்து கட்டளை வரும் காலின் மின்னழுத்தத்தைத் தாழ்த்தி உயர்த்தினால்தான் பூட்டு திறக்கும். ரிமோட்டில் அணைத்துப் போடும்போது நடப்பது அதுவே. பழுதைத் தெரிவிக்கும் காலையும் இந்தக் கட்டளைக்காலையும் இணைத்து, தானாக மீளும்படி செய்த போர்டுகளும் உண்டு. அவற்றில் டக், டக் என்று ஒலி முயன்று முயன்று நிற்கும். உங்களுடையது அப்படித் தெரியவில்லை.

‘அணைத்து உடனே போட்டால் ஒலி வருகிறது’ என்று நீங்கள் எழுதிய வரிதான் என்னை நிறுத்தியது. சூடேறி நின்ற ஐ.சி. என்றால் அணைத்தாலும் அணைக்காவிட்டாலும் சற்று ஆறினால் பேசும்.

இரண்டு ஸ்பீக்கரும் ஒரே நொடியில் கெடாது என்று கடையில் சொன்னது உண்மைதான். ஆனால் அதிலிருந்து அவர்கள் வந்த முடிவு சரியில்லை. ஒரு பக்கத்தில் மட்டும் ஷார்ட் ஆனாலும் இந்த ஐ.சி. இரண்டு பக்க வெளியீட்டையும் சேர்த்தே துண்டித்துக்கொள்ளும். அதனால் இரண்டும் ஊமையாகிவிட்டன என்பது ஒரு ஸ்பீக்கர் வயரைச் சந்தேகிக்கத் தடையாகாது. தங்கள் தந்தை இடப்பக்கத்தில் கேட்ட சரசரப்பை நான் மிகவும் பெரிதாக எடுத்துக்கொள்கிறேன். வயர் லேசாக உரசும்போது அந்தச் சத்தம் வரும். முழுவதும் பட்டதும் ஐ.சி. பூட்டிக்கொள்ளும்.

பழைய டியூப் டி.வி. காலத்தில், திரையில் வெள்ளை எழுத்துகள் ஓடும்போது மட்டும் ஸ்பீக்கரில் ‘பர்ர்’ என்று இரையும் செட்டுகள் வாரத்துக்கு ஒன்றாவது கடைக்கு வரும். ஸ்பீக்கரை மாற்றியும் தீராது, ஒலியைப் பிரித்தெடுக்கும் 5.5 மெகாஹெர்ட்ஸ் சுருளைப் பிளாஸ்டிக் திருப்புளியால் அரைச் சுற்றுத் திருப்பினால் இரைச்சல் அடங்கிவிடும். எழுத்து வரும்போது மட்டும் இரைகிறது என்று வீட்டுக்காரர் சொன்னால்தான் எங்களுக்கு அது பிடிபடும். எப்போது வருகிறது, எப்போது வருவதில்லை என்பதை வீட்டில் இருப்பவர்களால்தான் சொல்ல முடியும். மேஜையில் வைத்துப் பார்க்கும் எங்களுக்கு அது கிடைப்பதில்லை.

ஆகவே உங்களையும் அதையே கேட்கிறேன். கடையில் நிற்கவில்லை, வீட்டில் நிற்கிறது. மூடி திறந்திருந்தது ஒன்றுதான் வேறுபாடா? டி.வி. வீட்டில் சுவரில் மாட்டியிருக்கிறதா? இந்த மூன்று வாரத்துக்கு முன் அதை யாராவது கழற்றி மாட்டினார்களா?

இப்போது செய்ய வேண்டியது இது. சுவரிலிருந்து இறக்கி, டி.வி.யின் பின்னால் திருகியிருக்கும் சுவர்மாட்டியின் தகட்டையும் கழற்றி, பின்மூடியை முழுவதும் மூடிய நிலையிலேயே மேஜையில் நிற்கவைத்து இரண்டு மூன்று மணி நேரம் ஓடவிடுங்கள். ஒலி நின்றால், வெப்பமோ உள்ளே உள்ள வேறொன்றோ காரணம் என்று அந்த வழியில் தேடலாம். நிற்கவில்லை என்றால், மூடிய நிலையிலும் ஐ.சி. நன்றாகவே இருக்கிறது என்று தெளிவாகிவிடும். அதன் பிறகு, மாட்டியின் தகட்டை மட்டும் பழைய திருகுகளாலேயே பொருத்தி மறுபடி ஓடவிடுங்கள்.

உள்ளே அளக்கும்போது சுவர் பிளக்கைக் கட்டாயம் பிடுங்கிவிடுங்கள். பவர் போர்டில் உள்ள பெரிய கண்டன்சரில் 300 வோல்ட்டுக்கு மேல் தேங்கியிருக்கும்; சில நிமிடம் காத்திருந்து, மீட்டரில் பார்த்த பிறகே அருகில் கையை வையுங்கள். ஸ்பீக்கர் பிளக்கைப் போர்டிலிருந்து கழற்றிவிட்டு, ஒவ்வொரு ஸ்பீக்கரையும் ஓம் அளவில் பாருங்கள். 8 ஓம் ஸ்பீக்கர் மீட்டரில் 7 ஓம் அளவுக்குக் காட்டும். சற்றுக் குறைவாகக் காட்டுவது இயல்புதான். பிறகு நான்கு வயர்களையும் ஒவ்வொன்றாக உலோகச் சட்டத்துக்கு எதிரே அளவெடுங்கள். எதுவும் காட்டக் கூடாது. பிளக்கைக் கழற்றாமல் அளந்தால் ஐ.சி. வழியாக ஏதாவது ஒரு அளவு காட்டி உங்களைக் குழப்பிவிடும்.

இந்தவகை ஐ.சி.யில் ஸ்பீக்கரின் இரண்டு வயரும் உயிருள்ளவை. கழித்தல் வயர் என்று நாம் நினைக்கும் கறுப்பு வயரிலும் ஓட்டத்தின்போது பாதி மின்னழுத்தம் இருக்கும். 12 வோல்ட் செட்டில் சட்டத்துக்கு எதிரே ஒவ்வொரு வயரிலும் 6 வோல்ட் அளவு காட்டும், இரண்டு வயருக்கும் இடையே ஒன்றும் காட்டாது. ஆகவே எந்த வயர் சட்டத்தில் பட்டாலும் அது ஷார்ட்தான். பழைய ஆம்ப்ளிஃபையரில் கறுப்பு வயரைச் சட்டத்தில் இணைத்துப் பழகியவர்கள் இங்கே அப்படிச் செய்து ஐ.சி.யை வீணாக்கியதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

பதில் (ஈரோடு)

ஐயா சொன்ன இரண்டாவது வகைக்கு என் வீட்டு டி.வி. உதாரணம் என்பதால், பின்னால் படிப்பவர்களுக்காக எழுதுகிறேன். எனக்கு ஒலி நின்று தானாகவே திரும்பும். பறை, தவில் போன்ற கனமான ஒலி வரும்போதும், அளவை 40க்கு மேல் வைக்கும்போதும் மட்டும் வெட்டும். மெதுவாக வைத்தால் நாள் முழுவதும் ஒன்றும் ஆகாது. ஐ.சி.யின் மின்சாரக் கால்களில் அளந்தபோது அமைதியாக இருக்கையில் 11.8 வோல்ட் இருந்தது. தவில் அடிக்கும்போது 7 வரை சரிந்தது. பவர் போர்டின் 12 வோல்ட் வரிசையில் 1,000 மைக்ரோஃபாரட் கண்டன்சர் ஒன்றின் தலை லேசாகப் புடைத்திருந்தது. 16 வோல்ட் தாங்கும் அதை எடுத்துவிட்டு, 25 வோல்ட் தாங்கும், 105 டிகிரி வகையான ஒன்றைப் போட்டேன். கறுப்புப் பட்டை கழித்தல் பக்கம் வருமாறு பார்த்துப் பற்றவைத்தால் போதும். செலவு ஒரு வேளைச் சாப்பாட்டுக்கும் குறைவு. கேள்வி கேட்ட நண்பரின் செட்டில் ஒலியைக் குறைத்து வைத்தாலும் நிற்கிறதா என்பதையும் பார்க்க வேண்டும்.

கேள்வி கேட்டவர்

ஐயா, தாங்கள் கேட்டவற்றுக்கு வரிசையாகச் சொல்கிறேன். ஒலி நின்ற பின் அணைக்காமல் ஒரு மணி நேரம் அப்படியே விட்டேன், திரும்பவே இல்லை. ஈரோட்டு நண்பர் கேட்டபடி ஒலியைக் குறைத்து வைத்தும் பார்த்தேன். சற்றுத் தாமதமாக, ஆனால் நின்றுவிட்டது.

டி.வி. சுவரில்தான் மாட்டியிருக்கிறது. நான்கு வாரங்களுக்கு முன் நாங்கள் வீடு மாறினோம். பழைய வீட்டில் இருந்த திருகுகள் எங்கோ தவறிவிட்டதால், மாட்ட வந்தவர் தன் பையிலிருந்த வேறு திருகுகளைப் போட்டு மாட்டிக்கொடுத்தார். கடைக்குக் கொண்டுபோனபோது அந்தத் திருகுகளைக் கழற்றித்தான் கொண்டுபோனேன். தாங்கள் கேட்கும்வரை இந்த இரண்டையும் நான் சேர்த்து நினைத்துப் பார்க்கவே இல்லை.

நேற்று மேஜையில், மூடி மூடிய நிலையில், திருகுகள் இல்லாமல் மூன்றரை மணி நேரம் ஓடியது. ஒருமுறைகூட நிற்கவில்லை. பின்புறம் கைவைத்தால் நன்றாகவே சூடு தெரிந்தது. ஆகவே ஆறிக்கிடந்ததால் நிற்கவில்லை என்று சொல்ல முடியாது. பிறகு தகட்டை அதே திருகுகளால் பொருத்தினேன். 25ஆவது நிமிடத்தில் ஒலி நின்றது. அந்த நேரத்தில் என் தந்தைதான் அருகில் இருந்தார். நிற்பதற்கு முன் மறுபடியும் சரசரத்ததாகச் சொன்னார்.

பிளக்கைப் பிடுங்கிவிட்டு மூடியைத் திறந்தேன். முதலில் பின்னாலிருந்து பார்க்கையில் இடது கையில் இருந்த ஸ்பீக்கரைத்தான் வெகுநேரம் சோதித்தேன். அதில் எந்தக் குறையும் இல்லை. முன்னால் உட்கார்ந்தவருக்கு இடப்பக்கம் என்பது பின்னால் நிற்பவருக்கு வலப்பக்கம் என்பது பிறகே உறைத்தது. அந்தப் பக்கம், கீழ்த் திருகு உட்காரும் உலோகக் குழலைக் கடந்து ஸ்பீக்கர் வயர்கள் போகின்றன. திருகை மூடி இல்லாமல் உள்ளே ஏற்றிப் பார்த்தேன்; அதன் முனை குழலைத் தாண்டி ஒரு விரல் அகலம் வெளியே நீட்டி, நேராக அந்த வயரின் மேல் வந்து நிற்கிறது. கறுப்பு வயரின் உறையில் கடுகளவு வெட்டு. உள்ளே செம்புக் கம்பி தெரிகிறது. ஸ்பீக்கர் பிளக்கைக் கழற்றிய நிலையில் அந்த வயருக்கும் சட்டத்துக்கும் இடையே மீட்டர் எதுவும் காட்டவில்லை. வயரை விரலால் திருகின் முனையில் சற்று அழுத்தியதும் 0.4 ஓம் காட்டியது. ஸ்பீக்கர்கள் 7.1, 7.2 ஓம்.

இனி நான் கேட்க விரும்புவது மூன்று. வெட்டுப்பட்ட இடத்தில் டேப் சுற்றினால் போதுமா? எவ்வளவு நீளமான திருகு போட வேண்டும்? இத்தனை முறை ஷார்ட் ஆனதில் ஐ.சி.க்குப் பாதிப்பு ஏற்பட்டிருக்குமா?

பதில் (மதுரை, ஓய்வு பெற்ற டி.வி. மெக்கானிக்)

நன்றாகக் கண்டுபிடித்தீர்கள் தம்பி. தங்கள் தந்தையிடம் என் வணக்கத்தைச் சொல்லுங்கள். எந்தப் பக்கம் என்று காட்டிக்கொடுத்தது அவருடைய காதுதான்.

20 நிமிடம் ஏன் ஆகிறது என்பதற்கு விடை அந்த வெட்டிலேயே இருக்கிறது. குளிர்ந்திருக்கும்போது கம்பிக்கும் திருகின் முனைக்கும் இடையே ஒரு நூலளவு இடைவெளி இருக்கிறது. உள்ளே சூடேறியதும் உறை இளகி, மூடியின் பிளாஸ்டிக்கும் சற்று விரிந்து, ஸ்பீக்கரின் அதிர்வும் சேர்ந்து இரண்டும் தொட்டுக்கொள்கின்றன. ஒலியைக் குறைத்தால் தாமதமாக நின்றதற்கும் அந்த அதிர்வுதான் காரணமாக இருக்க வேண்டும். அணைத்துப் போட்டபோது பத்து நிமிடம்கூடத் தாங்காததற்குக் காரணம், சூடு அப்படியே இருந்ததுதான்.

டேப் மட்டும் போதாது. டி.வி.யின் உள்வெப்பத்தில் அதன் பசை இளகி, ஓராண்டுக்குள் நழுவிவிடும். வெட்டுப்பட்ட இடத்தில் வயரைத் துண்டித்து, சுருங்குகுழாயை (சூடுகாட்டினால் சுருங்கி வயரைப் பிடித்துக்கொள்ளும் உறை) முதலிலேயே வயரில் கோத்துவிட்டு, முனைகளை முறுக்கிப் பற்றவைத்து, குழாயை இணைப்பின் மேல் நகர்த்திச் சூடுகாட்டுங்கள். குழாயைக் கோக்க மறந்து பற்றவைத்துவிட்டால் மறுபடி வெட்ட வேண்டியிருக்கும். இது எல்லோருக்கும் நேர்வது. சிவப்பு வயரையும் அதே இடத்தில் விரலால் தடவிப் பாருங்கள், அதிலும் பள்ளம் விழுந்திருக்கலாம். பிறகு வயர்களைக் குழலிலிருந்து விலக்கி, மேலே உள்ள கொக்கியில் மாட்டிவிடுங்கள்.

திருகின் நீளத்தை நீங்களே அளந்துகொள்ளலாம். ஓர் ஈர்க்குச்சியைத் திருகுத் துளைக்குள் விட்டு, குழலின் அடி தட்டும் இடத்தில் நகத்தால் அடையாளம் செய்யுங்கள். குழல் அடி திறந்ததாக இருந்தால், மூடியைக் கழற்றிய நிலையில் உள்ளே பார்த்துக்கொண்டே, ஈர்க்கின் முனை குழலின் விளிம்போடு நிற்குமாறு வைத்து அடையாளம் செய்யுங்கள். மூடியின் கனத்தையும் அதனுடன் சேர்த்துக்கொள்ளுங்கள். அந்த அளவோடு மாட்டித் தகட்டின் கனத்தையும் கூட்டி, அதில் 2 மில்லிமீட்டர் குறைத்து வாங்குங்கள். கடையில் கிடைப்பது சற்று நீளமாக இருந்தால், மிகுதிக்கு ஏற்ப வாஷர் வைத்துக்கொள்ளலாம். மிகவும் குட்டையாகவும் போட்டுவிடாதீர்கள், முழு எடையும் அந்த நான்கு மரைகளில்தான் தொங்குகிறது.

ஐ.சி.யைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். பூட்டிக்கொண்டதே அது தன்னைக் காத்துக்கொள்ளத்தான். மூன்றரை மணி நேரம் நிற்காமல் பாடிய ஐ.சி.யில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனாலும் ஸ்பீக்கரை மறுபடி இணைப்பதற்கு முன், செட்டை ஓட்டத்தில் வைத்து, மீட்டரின் கறுப்பு முனையைச் சட்டத்தில் பிடித்துக்கொண்டு, ஸ்பீக்கர் பிளக் செருகும் இடத்தில் போர்டில் உள்ள நான்கு முனையிலும் டி.சி. வோல்ட் அளந்து எழுதுங்கள். நான்கும் 6 வோல்ட்டை ஒட்டி, ஒன்றுக்கொன்று சமமாக இருக்க வேண்டும். ஒன்று மட்டும் 0 அல்லது 12 காட்டினால் ஸ்பீக்கரை இணைக்காதீர்கள், அதன் சுருள் கருகிவிடலாம். மீட்டர் முனை வழுக்கி இரண்டு கால்களையும் சேர்த்துத் தொட்டுவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பவர் போர்டின் பக்கம் கை போகவே வேண்டாம்.

கேள்வி கேட்டவர்

ஐயா, நான்கு முனையிலும் 6.0, 6.1, 6.0, 6.0 வோல்ட். சிவப்பு வயரில் தாங்கள் சொன்னபடியே ஒரு பள்ளம் இருந்தது, கம்பி தெரியவில்லை. அதற்கும் சுருங்குகுழாய் போட்டுவிட்டேன். ஈர்க்குச்சியில் 11 மில்லிமீட்டர் வந்தது, தகடு 2 மில்லிமீட்டர். 12 மில்லிமீட்டர் திருகுகள்தான் கிடைத்தன. ஒவ்வொன்றிலும் 1 மில்லிமீட்டர் வாஷர் வைத்தேன். கழற்றிய பழைய திருகு 25 மில்லிமீட்டர். ஞாயிற்றுக்கிழமை மாலை மாட்டினேன். இன்று வியாழன், தினமும் ஐந்தாறு மணி நேரம் ஓடுகிறது, ஒலி ஒருமுறையும் நிற்கவில்லை. முதல் இரண்டு நாளும் தந்தை இடப்பக்கமாகவே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து கேட்டார். சரசரப்பு இல்லை என்று செவ்வாய்க்கிழமை சொல்லிவிட்டு, நாற்காலியை மறுபடி நடுவில் போட்டுக்கொண்டார்.